மோட்டாருக்கு சிம் போட்டாச்சு... சர்வர் நின்றால் பாசனமும் நிற்குமா?

பூந்தமல்லியிலிருந்து மேற்கே போனால், நேமம், வெள்ளவேடு பக்கம் இன்னும் நெல்லும் கீரையும் மல்லிகையும் இருக்கின்றன. பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். உலகம் முழுக்க விற்கும் செல்போன்களைப் பொருத்தி அனுப்பும் தொழிற்சாலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. 2024-25ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலர். இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு நம் மாநிலத்துடையது.

இந்தக் கணக்கு விவசாயப் பக்கத்தில் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மின்னணுப் பொருள் இப்போது உங்கள் சட்டைப் பையோடு நிற்கவில்லை. கிணற்றடிக்கும் போர்வெல் மேட்டுக்கும் வந்துவிட்டது. பம்ப்செட் ஸ்டார்ட்டரில் சிம் இருக்கிறது. உர இருப்பும் மானியப் பதிவும் செயலியில் இருக்கின்றன. பி.எம்.கிசான் பணத்துக்கு ஓடிபி வேண்டும். ஒரு காலத்தில் செல்போன் கெட்டால் பேச்சு மட்டும் நிற்கும். இன்று பாசனமும் நிற்கலாம், வர வேண்டிய பணமும் நிற்கலாம்.

அதனால் இனி ஒரு கருவி வாங்கும்போது 'என்ன விலை, என்ன மானியம்' என்பதோடு இன்னொரு கேள்வியும் சேர வேண்டும். 'இதை எத்தனை வருஷம் ஓட்டலாம்? கெட்டுப்போனால் யார் சரி செய்வார்?' இந்தக் கேள்விக்கு இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இப்போது என்ன பதில் உருவாகி வருகிறது, அதில் நமக்கு என்ன பங்கு என்று பார்ப்போம்.

தொழிற்சாலை மூடியும் ஓடிய போன்

ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, குறிப்பாகக் கிராமத்துப் பெண்களுக்கு, அங்கே வேலை கிடைத்தது. பிறகு நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. வரி வழக்கு காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ல் அங்கே உற்பத்தி நின்றது. பல ஆண்டுகள் கழித்து அந்த இடத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

ஆலை மூடியதில் வேலை இழந்தவர்களின் கஷ்டம் பெரிது. ஆனால் அந்த போன்களை வாங்கி வைத்திருந்த விவசாயிக்கு மறுநாள் எந்தச் சிக்கலும் வரவில்லை. பொத்தானை அமுக்கினால் போன் பேசியது. பேட்டரி போனால் பெட்டிக்கடையில் வேறு பேட்டரி வாங்கி, மூடியைத் திறந்து, தானே போட்டுக்கொண்டார். அந்த போன் வேலை செய்யத் தயாரித்த கம்பெனி உயிரோடு இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. டவரும் சிம்மும் இருந்தால் போதும்.

இன்றைய ஸ்மார்ட் கருவிகள் அப்படி இல்லை. கருவி நன்றாகவே இருக்கும். ஆனால் அது பேச வேண்டிய சர்வரைக் கம்பெனி நிறுத்திவிட்டால் கருவி ஊமையாகிவிடும். இது வெறும் பயம் அல்ல, நடந்த விஷயம். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டு உபயோகக் கட்டுப்பாட்டுக் கருவியை 300 டாலர் கொடுத்து மக்கள் வாங்கினார்கள். அந்த நிறுவனத்தைக் கூகுளின் சகோதர நிறுவனமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. பழுதே இல்லாத கருவிகள் அன்றோடு பயனற்றுப் போயின.

வீட்டில் விளக்கு எரியாவிட்டால் எழுந்துபோய் சுவிட்சைப் போடலாம். பால் பிடிக்கும் பருவத்தில் நெல்லுக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது?

பாசனத்தில் இது ஏன் பெரிய விஷயம்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் விவசாயம் செய்பவர்களில் பலருக்கு நிலம் ஓரிடம், வீடு வேறிடம், சம்பள வேலை மூன்றாவது இடம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் கிணற்றடியில் நிற்க முடியாது. இரவு நேரத்தில் பாம்புக்கும் ஈரக்கையில் மின்சாரத்துக்கும் பயந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. செல்போன் மூலம் இயங்கும் பம்ப்செட் ஸ்டார்ட்டர் இந்தச் சிரமத்தைக் குறைக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்துவது, ஒரு முனை மின்சாரம் போனால் காயில் எரியாமல் காப்பது, மின்னழுத்தம் குறைந்தால் நிறுத்துவது போன்ற பாதுகாப்புகளும் பல மாதிரிகளில் சேர்ந்தே வருகின்றன.

தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் தருகிறது. சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிர் விவசாயிகளுக்கு 50 சதவீதம், அதிகபட்சம் ரூ.7,000, மற்ற விவசாயிகளுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 என்ற அளவில் திட்டம் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் இந்த ஆண்டுக்கான அளவை உங்கள் வட்டார உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கருவியை நம்பி நாம் கிணற்றடிக்குப் போவதையே விட்டுவிட்ட பிறகு, கருவி நின்றால் அதைக் கவனிக்கவே இரண்டு நாள் ஆகும். சரி செய்ய ஆள் வர இன்னும் சில நாள் ஆகும். நெல்லில் பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறையிலும் இந்த இரண்டு வாரத்துக்கு விலக்கு உண்டு. மற்ற பருவத்தில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கும்வரை காத்திருக்கலாம். பூக்கும்போது காத்திருந்தால் பதர் கூடும். நிலக்கடலையில் விழுது இறங்கும் நேரமும் அப்படித்தான். மேல் மண் காய்ந்து இறுகினால் விழுது மண்ணுக்குள் போகாது. கோடையில் மணல் பாங்கான நிலத்தில் போட்ட கீரை இரண்டு மூன்று நாள்கூடத் தாங்காது.

ஆகவே ஒரு ஸ்டார்ட்டர் எந்த வாரத்தில் பழுதாகிறது என்பதுதான் உண்மையான நஷ்டத்தைத் தீர்மானிக்கிறது. உழவருக்கு ஒரு வருட வருமானம் போகலாம். கம்பெனிக்கு அது வெறும் ஒரு சர்வீஸ் கால்.

இரண்டு வகைக் கருவி: வித்தியாசம் தெரிந்து வாங்குங்கள்

சந்தையில் கிடைக்கும் செல்போன் ஸ்டார்ட்டர்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கருவிக்குள் இருக்கும் சிம்முக்கு நீங்கள் நேரடியாகப் போன் செய்வது அல்லது எஸ்.எம்.எஸ். அனுப்புவது. மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும், அல்லது அழைத்துவிட்டு எண் பொத்தானை அமுக்கினால் ஓடும். நடுவில் எந்தக் கம்பெனி சர்வரும் இல்லை. பழைய பட்டன் போனிலும் இயக்கலாம். கம்பெனியே மூடிப்போனாலும் இது ஓடும்.

இரண்டாம் வகை, செயலி வழியாக மட்டும் இயங்குவது. உங்கள் போனிலிருந்து கட்டளை இணையம் வழியாகக் கம்பெனி சர்வருக்குப் போகும். அங்கிருந்து மோட்டாருக்கு வரும். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு மின்சாரம் இழுத்தது, மண் ஈரம் எவ்வளவு என்றெல்லாம் வரைபடமாகக் காட்டும். பார்க்க நன்றாக இருக்கும், பயனும் உண்டு. ஆனால் சர்வர், ஆண்டுச் சந்தா, செயலியின் அப்டேட், உங்கள் ஸ்மார்ட்போனின் வயது என்று நான்கு விஷயங்கள் ஒரே நேரத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்த கருவிகளும் உண்டு. செயலியிலும் இயங்கும், செயலி இல்லாவிட்டால் போன் அழைப்பிலும் இயங்கும். பாசனத்துக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு. 'இன்டர்நெட் இல்லாமல், உங்கள் செயலி இல்லாமல், இது ஓடுமா? இப்போதே ஓட்டிக் காட்டுங்கள்' என்று விற்பவரிடம் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

எந்த வகையானாலும் கையால் இயக்கும் பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாற்று சுவிட்ச் வைத்து இணைத்தால், மின்னணுப் பலகை எரிந்த நாளிலும் மோட்டார் ஓடும். இந்த இணைப்பைத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

டவரும் மாறும்

2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்ற பெயர்களை விளம்பரத்தில் பார்க்கிறோம். கிணற்றடியில் இதற்கு நேரடி அர்த்தம் இருக்கிறது. விலை குறைந்த ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் 2ஜி மட்டும் ஏற்கும் பலகை இருக்கும். ஜியோ 2016-ல் சேவையைத் தொடங்கியபோதே 4ஜி-யில்தான் தொடங்கியது. அதற்கு 2ஜி கிடையாது. எனவே 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவற்றில் எது உங்கள் கிணற்றடியில் 2ஜி சிக்னல் தருகிறது என்று பார்த்தே சிம் போட வேண்டும்.

ஆனால் 2ஜி எவ்வளவு காலம் இருக்கும்? உலகின் பல நாடுகள் பழைய சேவையை மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி-யை மூடத் தொடங்கினார்கள். நகரத்தில் இருந்தவர்கள் போனை மாற்றிக்கொண்டார்கள். விவசாயிகளுக்கோ வானிலைக் கருவி, தண்ணீர்த் தொட்டி அளவி, பம்பு கட்டுப்பாடு என்று வயல் முழுக்கச் சிதறிக் கிடந்த கருவிகளை ஒவ்வொன்றாகத் தேடி மாற்ற வேண்டியிருந்தது. அங்கே நாடாளுமன்றம் வரை இந்தப் பிரச்சினை போனது.

இந்தியாவில் 2ஜி இன்னும் ஓடுகிறது. ஏர்டெல் 3ஜி-யை மூடியபோதும் 2ஜி-யை வைத்துக்கொண்டது. பி.எஸ்.என்.எல்.-ன் உள்நாட்டு 4ஜி சேவை 2025 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கி வைக்கப்பட்டது. போகும் திசை தெளிவாகத் தெரிகிறது. இன்று புதிதாக வாங்குபவர், 4ஜி-யும் ஏற்று, அது கிடைக்காத இடத்தில் 2ஜி-க்கு மாறும் கருவியை வாங்குவதே புத்திசாலித்தனம். சில நூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

இன்னொரு சிறு சேமிப்பு. மோட்டாரில் உள்ள சிம்முக்கு தினமும் 2 ஜிபி டேட்டா தேவையில்லை. குரல் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.-க்கும் மட்டுமான தனி ரீசார்ஜ் திட்டங்களைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. இவை ஓராண்டு வரை செல்லுபடியாகும் வகையில் இருக்கலாம். அழைப்பு வகை ஸ்டார்ட்டருக்கு இது போதும். கடைக்காரர் டேட்டா திட்டத்தைக் காட்டினாலும், 'பேசுவதற்கு மட்டுமான திட்டம்' என்று கேட்டு வாங்குங்கள்.

போனுக்கும் ஆயுள் முடிவு உண்டு

போன் உடையாமலே பழசாகும் விதம் பலருக்குப் புரிவதில்லை. செயலிகள் குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு பதிப்புக்கு மேல்தான் ஓடும். அந்தக் கோட்டை அவ்வப்போது மேலே தூக்குவார்கள். வாட்ஸ்அப் 2025-ல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழான போன்களைக் கைவிட்டது. கிராமங்களில் லட்சக்கணக்கில் விற்ற ஜியோபோன், கைஓஎஸ் என்ற மென்பொருளில் ஓடியது. அதற்கு 2018-ல் வந்த வாட்ஸ்அப், 2024-ல் புதிதாகத் தரவிறக்க முடியாமல் போனது. 2025-ல் ஆதரவே நின்றது. போனின் பட்டனும் பேட்டரியும் நன்றாகத்தான் இருந்தன. உர விலையும் பூச்சி படமும் அனுப்பிக்கொண்டிருந்த விவசாயக் குழுவிலிருந்து மட்டும் அந்தப் போன்காரர் வெளியேறிவிட்டார்.

இங்கே ஒரு அநியாயக் கணக்கு ஒளிந்திருக்கிறது. கூகுள் 2023-ல் பிக்சல் 8 போனுக்கும், சாம்சங் 2024-ல் எஸ்24 போனுக்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. இவை விலை உயர்ந்த போன்கள். ரூ.8,000-க்கோ ரூ.10,000-க்கோ வரும் போன்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. கையில் காசு குறைந்தவர்தான் அடிக்கடி போன் மாற்ற வேண்டியிருக்கிறது. உதாரணத்துக்கு ரூ.9,000 போன் மூன்று ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு ரூ.3,000. ரூ.12,000 போன் ஆறு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு ரூ.2,000. விலைப் பட்டியலைவிட இந்த வகுத்தல் கணக்கே முக்கியம். போன் வாங்கும்போது 'பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை?' என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அரசு சேவைகளிலும் இதே கேள்வி உண்டு. உழவன் செயலி 2018-ல் வந்தது. பி.எம்.கிசான் திட்டத்தில் முகம் காட்டி இ-கேஒய்சி முடிக்கும் செயலி 2023-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2025 முதல் நில விவரத்தை ஆதாருடன் இணைத்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தருகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் உங்களுக்கு ஸ்மார்ட்போன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பொது சேவை மையத்தில் கைரேகை வைத்து இ-கேஒய்சி முடிக்கலாம். அடையாள எண்ணுக்கு முகாமிலோ மையத்திலோ பதியலாம். பயிர்ச் சந்தேகத்துக்குக் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணைப் பட்டன் போனிலிருந்தே அழைத்துத் தமிழில் பேசலாம். விரிவாக்கப் பணியாளர்கள் 'செயலியில் போட்டாச்சு, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் முன், அந்தப் பட்டியலில் உள்ள எத்தனை பேரிடம் அந்தச் செயலி ஓடும் போன் இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தைப் பதிவிறக்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். ஊருக்கு ஒரு கணினி. கேட்பவர் கையில் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. தொழில்நுட்பம் எத்தனை புதிதாக வந்தாலும், கடைசி மைலில் ஒலிபெருக்கி, பலகை, ஊராட்சி அலுவலகச் சுவர் ஆகியவற்றைக் கைவிடக் கூடாது என்பதற்கு அது நல்ல பாடம்.

பழுது பார்க்கும் உரிமை

இனி சட்டத்துக்கு வருவோம். 'நான் காசு கொடுத்து வாங்கிய பொருளை, நான் விரும்பும் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரி செய்ய எனக்கு உரிமை வேண்டும். அதற்கான உதிரிபாகம், கையேடு, மென்பொருள் ஆகியவற்றைக் கம்பெனி தர வேண்டும்.' இதுதான் பழுது பார்க்கும் உரிமை.

இதை உலக அளவில் முன்னால் கொண்டு வந்தவர்களில் விவசாயிகளுக்கு முக்கிய இடம் உண்டு. அமெரிக்காவில் டிராக்டரின் மென்பொருளைக் கம்பெனி டீலர் மட்டுமே திறக்க முடியும் என்ற நிலை இருந்தது. அறுவடை நேரத்தில் ஒரு சென்சார் கோளாறுக்காக டீலருக்குக் காத்திருந்த விவசாயிகள் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயக் கருவிகளுக்கான பழுது பார்க்கும் உரிமைச் சட்டத்தை முதலில் நிறைவேற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஜான் டீர் நிறுவனத்தின் மீது இதே விவகாரத்தில் வழக்குத் தொடுத்தது.

ஐரோப்பிய ஒன்றியம் செல்போனுக்கு விதி வகுத்தது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு, அந்த மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு மென்பொருள் அப்டேட் தர வேண்டும். உதிரிபாகம் ஏழு ஆண்டு கிடைக்க வேண்டும். 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும்.

இந்தியாவில்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. குழு முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளைக் கவனியுங்கள்: விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். விவசாயக் கருவி அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று இதற்கென இணையதளமும் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம் இன்னொரு குழு, பொருள்களுக்குப் 'பழுது பார்ப்பதில் எத்தனை மதிப்பெண்' என்று குறியிடும் முறையைப் பரிந்துரைத்தது. மின்விசிறி, பிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டுவது போல இதையும் கடையில் காட்டலாம்.

நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த மதிப்பெண் முறையில் முதலில் முன்னுரிமை பெறுவது செல்போனும் டேப்லெட்டும். டிராக்டர் இன்னொரு பட்டியலில் இருக்கிறது. உங்கள் கிணற்றடியில் உள்ள சிம் ஸ்டார்ட்டர், மண் ஈர சென்சார், சொட்டுநீர்க் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை போனும் இல்லை, டிராக்டரும் இல்லை. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுந்துவிடும் அபாயம் இவற்றுக்கு உண்டு. நாம் கேட்காவிட்டால் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

கேட்டால் நடக்குமா என்று சலிப்பாக இருக்கலாம். நடந்திருக்கிறது. உதிரிபாகங்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. சொந்தக் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும்தான் வர வேண்டும் என்பது நியாயமான வியாபாரம் அல்ல என்ற கருத்து நம் நாட்டுக்குப் புதிதல்ல.

நம்மிடம் உள்ள பலம்

பழுது பார்க்கும் திறமைக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் இருந்து சிறு பட்டறைகளால் வளர்ந்த இடம். மோட்டார் காயில் கட்டுபவரும், பேனல் போர்டு போடுபவரும், சர்க்யூட் பலகை செய்பவரும் அங்கே இருக்கிறார்கள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கிடைக்காத மின்னணு உதிரிபாகம் அரிது. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் வேலை பார்த்து, பலகையில் கையைப் பழக்கிய இளைஞர்கள் நம் கிராமங்களிலேயே இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றுதான்: சர்க்யூட் வரைபடமும், மென்பொருளைத் திறக்கும் அனுமதியும். அவை கிடைத்தால், ஒரு ரிலே மாற்ற வேண்டிய இடத்தில் முழுப் பெட்டியையும் மாற்றும் செலவு மிச்சமாகும். இளைஞர்களுக்கு ஊரிலேயே பிழைப்பும் கிடைக்கும்.

இரண்டாவது பலம் மானியம். அரசு பணம் போடும் பொருளுக்கு அரசு நிபந்தனையும் போடலாம். புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனிகளை அங்கீகரிக்கும் விதியில் நான்கு வரி சேர்த்தால் போதும்.

ஒன்று, சர்வரும் செயலியும் இல்லாமல் போன் அழைப்பிலும் கைப் பொத்தானிலும் கருவி ஓட வேண்டும். இரண்டு, எந்தக் கம்பெனி சிம்மையும் ஏற்க வேண்டும். 4ஜி-யும் 2ஜி-யும் இரண்டும் இருக்க வேண்டும். மூன்று, விற்ற தேதியிலிருந்து ஏழு ஆண்டுக்கு உதிரிபாகம் உத்தரவாதம், தமிழில் கையேடு, சர்க்யூட் வரைபடம் பொதுவெளியில். நான்கு, கம்பெனி சேவையை நிறுத்த நினைத்தால் ஓராண்டுக்கு முன்பே எழுத்தில் அறிவித்து, கருவியைச் சொந்தமாக இயக்கும் மென்பொருளை இலவசமாகத் தர வேண்டும்.

இதனால் விலை கூடும் என்று கம்பெனிகள் சொல்லும். ஓரளவு கூடலாம். ரூ.10,000 கருவி மூன்று ஆண்டில் குப்பைக்குப் போனால் ஆண்டுக்கு ரூ.3,300-க்கு மேல், ரூ.12,000 கருவி எட்டு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு ரூ.1,500. அரசின் மானியப் பணத்துக்கும் இதே கணக்குதான். வெளியார் கை வைத்தால் பாதுகாப்புக் குறையும் என்ற வாதமும் வரும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. மின்சாரத்தோடு விளையாட முடியாது. அதற்கு விடை, பயிற்சி பெற்ற உள்ளூர் மெக்கானிக்குகளின் பட்டியலே தவிர, கதவைப் பூட்டுவது அல்ல.

பாதுகாப்பு பற்றி நாமும் ஒன்றைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். தூரத்திலிருந்து இயங்கும் மோட்டார் எந்த நேரமும் ஓடலாம். மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி வைத்திருந்தால் இன்னும் ஆபத்து. கிணற்றில் இறங்கும் முன்போ, மோட்டாரைத் தொடும் முன்போ மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு எண்களைத் தவிர வேறு எண்ணிலிருந்து வரும் அழைப்பைக் கருவி ஏற்காதபடி செய்யுங்கள். கடையில் போட்டுத் தந்த ரகசிய எண்ணை அன்றே மாற்றுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது

வாங்கும்போது ஜி.எஸ்.டி. பில், உத்தரவாத அட்டை, கருவியின் வரிசை எண் ஆகிய மூன்றையும் வாங்கிப் போட்டோ எடுத்து வையுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்ன ஆண்டுக் கணக்கைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பழுது நீக்க மறுத்தாலோ இழுத்தடித்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம்; ரூ.5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணமே இல்லை. கெட்டுப்போன பலகையையும் பேட்டரியையும் வரப்போரம் எறியாதீர்கள். ஈயம் மண்ணில் இறங்கினால் எளிதில் போகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மின்னணுக் கழிவை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் உண்டு. வாங்கிய கடையில் கேளுங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. வழக்கமாகக் கடன், கால்வாய், கொள்முதல் நிலையம் பற்றிய மனுக்கள் வரும். அடுத்த கூட்டத்தில் மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளை எழுதி ஒரு மனுவாகக் கொடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அதிகாரி அங்கேயே இருப்பார். பதில் சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மொத்தமாகக் கருவி வாங்கும்போது இதே நான்கையும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். தனி ஆள் கேட்டால் கடைக்காரர் தோளைக் குலுக்குவார். நூறு பெட்டி வாங்குபவர் கேட்டால் கம்பெனி உட்கார்ந்து பேசும்.

ஏரையும் கவலையையும் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்தார்கள், அவர்களே சரியும் செய்தார்கள். டீசல் இன்ஜின் வந்தது; ஊர் மெக்கானிக் அதையும் கற்றுக்கொண்டார். சிம் போட்ட ஸ்டார்ட்டரையும் அவரால் கற்றுக்கொள்ள முடியும். பெட்டியைத் திறக்கும் உரிமையை அவருக்கு வாங்கித் தருவது மட்டும் நம் வேலை.